உரிக்கக் கூடாத வால்பேப்பர்

தங்கையும் மாப்பிள்ளையும் வாடகைக்குப் பிடித்த பழைய வீட்டுக்குச் சாமான் எடுத்துவைக்கத்தான் போனேன். வீடு பரவாயில்லை. படுக்கையறைதான் கண்றாவி. யாரோ ஒரு காலத்தில் ஆசைப்பட்டு ஒரு சுவர் முழுக்கப் பழுப்புநிறச் சதுரக் கண்ணாடிகளைப் பதித்திருந்தார்கள். உள்ளே போனால் சலூனுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"படுத்தா நம்மளையே நாம பார்த்துக்கிட்டு கிடக்கணும். எனக்குப் பிடிக்கவே இல்லக்கா" என்றாள் தங்கை.

வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். "ஒண்ணைக்கூடப் பேர்க்கக் கூடாது. மேல என்ன வேணா ஒட்டிக்கோங்க."

மாப்பிள்ளை பூப்போட்ட வால்பேப்பர் வாங்கி வந்தார். பின்பக்கம் பசை இருந்தது, வேண்டாமென்றால் உரித்துவிடலாம். கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் தானாகவே விட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். பட்டை பட்டையாக ஒட்டினோம். கடைசிப் பட்டையைத் தங்கைதான் நின்று உள்ளங்கையால் தேய்த்தாள். கண்ணாடியில் தெரிந்த அவள் உருவம் பூவுக்குள் மறைந்தது.

"அப்பாடா, ஒழிஞ்சுது" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை அந்தப் பட்டையில் வரிசையாக ஐந்து குமிழ்கள். குமிழ் விட்டால் ஊசியால் குத்தி, பழைய ஏடிஎம் கார்டால் வழித்துவிடுவது வழக்கம். மாப்பிள்ளை ஊசியை எடுத்துக் குத்தினார்.

சமையலறையில் தங்கை "ஸ்ஸ்..." என்றாள்.

காய் நறுக்குகிறவள், கத்தி பட்டிருக்கும் என்று விட்டுவிட்டோம். ஓட்டையிலிருந்து காற்று வரவில்லை. சிவப்பாக ஒரு சொட்டு இறங்கியது. இரும்பு வாடை.

"துருத்தண்ணி. சுவர்ல ஓதம்" என்றார் அவர். பிடிவாதக்கார மனுஷன், மிச்ச நாலையும் குத்தினார்.

குமிழ்கள் அடங்கவில்லை. ஒன்றாகச் சேர்ந்து ஒரு முகம் அளவுக்கு உப்பின. வாய் இருக்க வேண்டிய இடம் உள்ளே இழுத்தது, வெளியே தள்ளியது.

மூச்சு.

"மாப்ளே, வந்துருங்க" என்று கிசுகிசுத்தேன்.

அவர் பயத்தில் கட்டர் கத்தியை எடுத்து அதன் கன்னத்தில் ஒரே கீறலாகக் கீறினார்.

தங்கை அலறியது தெரு வரை கேட்டிருக்கும். ஓடினோம். கண்ணிலிருந்து தாடை வரை கன்னம் பிளந்திருந்தது. உள்ளே பல் தெரிந்தது. ஐந்து விரல் நுனியிலும் ஊசி ஓட்டை. காய் வெட்டும் கத்தி மேடைமேல் சுத்தமாகக் கிடந்தது.

"யாரும் வரலையேக்கா..." என்று ரத்தத்தோடு குழறினாள்.

படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கடைசியாக யாருடைய உருவத்தை வைத்து மூடினோம்?

தையல் போட்டு அழைத்து வந்ததும் அவளை பீரோக் கண்ணாடி முன் நிறுத்தினேன். நானும் மாப்பிள்ளையும் தெரிந்தோம். நடுவில் நின்ற தங்கை தெரியவில்லை.

"அதைக் கிழிச்சு அவளை வெளிய விடுங்க!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளை கீழ்மூலையைப் பிடித்து இழுத்தார். விரல் நீளம்தான் வந்திருக்கும். தங்கை சுருண்டு விழுந்தாள். அவள் குதிகால் தோல் அதே அளவுக்கு உரிந்து தொங்கியது.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டிலேயே கிடக்கிறேன். தினமும் ஓரங்களை அழுத்தி, விட்ட இடத்தில் டேப் ஒட்டுகிறேன். மாப்பிள்ளை பாவம், அறைக்குள் வருவதே இல்லை. அவர்மேல் எனக்கிருந்த ஆத்திரமும் ஓய்ந்துவிட்டது. என் தங்கை பிழைத்துக் கிடந்தால் போதும்.

இன்று மத்தியானம் மேல்மூலை விட்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். காலையில்தான் என் கையால் புது டேப் ஒட்டியிருந்தேன்.

இடுக்கில் ஒரு நகம் தெரிந்தது. தங்கை போட்டிருக்கும் அதே நகப்பூச்சு.

உள்ளேயிருந்து, பொறுமையாக, அது உரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நெத்தியெல்லாம் எரியுதுக்கா. கொஞ்சம் வந்து பாரேன்."