பனிச்சிறுத்தைக்குப் போகும் வழியில் ஒரு பிணம்

கேப்டன் தன் வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் குப்புறக் கிடந்தார்.

சட்டைக்குள் காற்று புகுந்து முதுகு உப்பியிருந்தது. அவரைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக மீன்கள் வட்டமடித்தன. துக்கம் விசாரிக்க அல்ல... பசியில். காலையில் அவற்றுக்குத் தீனி போடுகிறவர் அவர்தான்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கி அவரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஆந்தை உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரும்மா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மீன் திருடனைப் பிடிக்க வந்தவ சார்."

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தடித்த கண்ணாடி, தோளில் பை, காலில் சேறு படிந்த ஷூ. தன் தொழிலுக்குப் போட்டியாக இப்படி ஓர் உருவம் வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆந்தை விலங்கியல் மாணவி. ராத்திரியெல்லாம் மரநாய்க்கும் வௌவாலுக்கும் காவல் இருந்துவிட்டுப் பகலில் வகுப்பில் தூங்குவாள். அதனால் வந்த பெயர். வெளிநாட்டு மலை ஒன்றில் பனிச்சிறுத்தைகளை ஆராயப் போகும் குழுவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டிக்கெட், தங்கும் செலவு, குளிர் உடை... எல்லாம் அவள் பொறுப்பாம். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, நீயே சமைத்துக்கொண்டு வா என்று சொன்ன மாதிரி.

ஆந்தை சளைக்கவில்லை. நாய் குளிப்பாட்டினாள். கிளிக்கு நகம் வெட்டினாள். ஊர் நாயெல்லாம் மினுமினுத்தது. அவள் உண்டியல் மட்டும் மங்கலாகவே இருந்தது.

அப்போதுதான் கேப்டன் கூப்பிட்டார். கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"என் மீன் ஒவ்வொண்ணா காணாமப் போகுதும்மா. ஒவ்வொண்ணும் ஒரு பைக் விலை. எந்த மிருகம்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, நல்லாவே தர்றேன். வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்... கேலி பண்ணுவாங்க."

முந்தின நாள் சாயங்காலம் குளத்தோர மரத்தில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். இருட்டிலும் படம் பிடிக்கும் காட்டுக் கேமரா. சில நொடிக்கு ஒரு தடவை தானாகவே எடுத்துக்கொண்டே இருக்கும்.

"என்ன சார் ஆச்சு அவருக்கு?"

"பாசில வழுக்கி விழுந்திருக்கார்" என்றார் இன்ஸ்பெக்டர், கொட்டாவியை மறைத்தபடி. "வயசான ஆளுக்கு விடியக்காலைல குளத்தோரம் என்ன வேலை? உன் திருடன் பூனையாத்தான் இருக்கும். போ."

கேப்டனின் மருமகன் சற்றுத் தள்ளி நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டோடு மாப்பிள்ளை. கேப்டனின் மகள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள்.

ஆந்தை மரத்தடிக்குப் போய், இலைகளை ஒதுக்கி, பட்டையை அவிழ்த்தாள்.

கைக்குட்டை கண்ணிலேயே நின்றது.

"அது... என்னம்மா அது?" என்றான் மருமகன்.

"கேமரா சார். ராத்திரி முழுக்க ஓடியிருக்கு."

"எதுக்கு?"

"மீன் எடுக்கிற மிருகத்தைப் பாக்க. நான் சிறுத்தை ஆராய்ச்சிக்கு வெளிநாடு போறேன். பணம் குறையுது. அதுக்காக அய்யா குடுத்த வேலை. பாவம்... அதுக்குள்ள போயிட்டார்."

மருமகன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்த மறந்துவிட்டான்.

*

அக்காவின் தையல் கடையும் வீடும் ஒரே அறைதான். ஆந்தை கேமராவின் மெமரி கார்டை லேப்டாப்பில் செருகி, ஒவ்வொரு படமாகப் பார்த்து முடித்தாள். பிறகு லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"என்னடி இருக்கு அதுல? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் அக்கா, வாயில் ஊசியோடு.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

"கேப்டன் மருமகன் பேசறேம்மா. அந்தக் கார்டு பத்தித்தான்... எவ்வளவு?"

"எது சார் எவ்வளவு?"

"உனக்கு வெளிநாடு போக எவ்வளவு குறையுது? மாமா உனக்கு உதவணும்னு ரொம்ப ஆசைப்பட்டார். பெரியவர் ஆசையை நாம நிறைவேத்தணும் இல்லையா? மொத்தமும் நானே தர்றேன். நீ அந்தக் கார்டைக் கொண்டு வந்து குடுத்துடு. அவரு ஞாபகமா வச்சுக்கறோம்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

போனை வைத்தாள். அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலைன்னா உன் இடம் வேற ஆளுக்குப் போயிடும்னு சொன்னியே."

"ஆமா."

அக்கா தையல் மெஷின் சக்கரத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். "செத்தவர் திரும்பி வரப் போறதில்ல. நான் ஒண்ணும் சொல்லல. உன் இஷ்டம்."

ஆந்தை சுவரைப் பார்த்தாள். அங்கே ஒட்டியிருந்த படத்தில் ஒரு பனிச்சிறுத்தை பாறை மேல் உட்கார்ந்து, பள்ளிக்கூட நாளில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அது என்றைக்கும் வந்ததில்லை. ஒரு கார்டு. விரல் நகம் அளவு. கொடுத்தால் மலை.

கேப்டனின் உப்பிய முதுகு நினைவுக்கு வந்தது. சுற்றிச் சுற்றி வந்த மீன்களும்.

"அந்தப் பணத்துல போனா... சிறுத்தை என் முன்னால வந்து நின்னாக்கூட எனக்கு அந்தக் குளந்தான் தெரியும் அக்கா."

போனை மறுபடி எடுத்தாள்.

"சார், இன்ஸ்பெக்டர்ங்களா? வழுக்கி விழுந்தவரோட மருமகன் என் கார்டுக்கு விலை பேசறார்."

மறுமுனையில் கொட்டாவி பாதியில் நின்றது. "கார்டுல என்ன இருக்கு?"

"அதை அப்புறம் சொல்றேன். இப்போ நீங்க ஒரு கம்மோடு வாங்க வர முடியுமா?"

*

மருமகனின் கடை குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை. சுவர் முழுக்கக் குழாய்கள்... எதிலும் தண்ணீர் வராது. வாடிக்கையாளர்களும் அப்படித்தான். அன்று மட்டும் மஃப்டியில் ஒருவர், காதில் இயர்போனோடு, கம்மோடு வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடி அறைக்குள் ஆந்தை உட்கார்ந்தாள். சட்டைப் பையில் இருந்த போன் இன்ஸ்பெக்டரோடு இணைப்பில் இருந்தது.

"கார்டு?"

"செக்?"

மருமகன் செக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டான். "நீ பாத்தியா அதை?"

"எல்லாப் படத்தையும் பாத்துட்டேன் சார். முதல்ல இருந்து கடைசி வரைக்கும்."

"வேற யாராவது?"

"இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. உங்களை மகன் மாதிரி வீட்ல வச்சிருந்தார். ஏன் சார்?"

மருமகன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். விற்காத வாஷ்பேசின்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"கடை மூழ்கிட்டிருக்கும்மா. மாமாகிட்ட கேட்டா தரமாட்டார். மீனுக்கு மட்டும் கொட்டிக் கொட்டிச் செலவு பண்ணுவார். ஒண்ணு ரெண்டு எடுத்து வித்தேன். அவ்வளவுதான். அன்னிக்கு அவர் எழுந்து வருவார்னு யாரு கண்டா? நான் வலையோட நிக்கறேன். 'நீதானா அந்த மிருகம்'னு ஒரு பார்வை பாத்தார்..."

செக்கை அவள் பக்கம் நகர்த்தினான்.

"தள்ளினேன். எழுந்திரிக்கப் பாத்தார். விட்டா என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவார். அமுக்கிட்டேன். நீதான் பாத்தியே, அப்புறம் எதுக்குக் கேக்கற?"

கார்டை அவள் விரலில் இருந்து பிடுங்கி, இரண்டாக ஒடித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இப்போ யாருகிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லு."

"எங்கேயும் போக வேணாம். இங்கேயே சொல்லலாம்" என்றபடி உள்ளே வந்தார் கம்மோடு வாங்க வந்தவர்.

மருமகன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தபோது கையில் விலங்கு இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒடிந்த துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கினார். "காப்பி எடுத்து வச்சிருப்ப இல்லம்மா? இந்த ஆள் தள்றது தெளிவா விழுந்திருக்கா?"

"காப்பி இருக்கு சார். ஆனா அதுல இவர் இல்ல."

"பின்ன?"

"நத்தை."

இன்ஸ்பெக்டர் பொறுக்குவதை நிறுத்தினார்.

"சாயங்காலமே ஒரு நத்தை லென்ஸ் மேல ஏறி உக்காந்திருக்கு. விடிஞ்ச பிறகுதான் இறங்கியிருக்கு. மொத்தப் படமும் அதோட வயிறு. திறந்து பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. கேப்டன் கேட்ட வேலையைக்கூட முடிக்கலையேன்னு."

மருமகன் வாயைத் திறந்தான். கடையின் குழாய்களைப் போலவே அதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

"அப்போ இவர் மேல எப்படிச் சந்தேகம் வந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தப்பு பண்ணாதவரா இருந்தா, 'கார்டுல என்ன இருக்கு'ன்னு கேட்டிருப்பார் சார். இவர் 'எவ்வளவு'ன்னு கேட்டார்."

*

மறுநாள் ஸ்டேஷனில் கேப்டனின் மகள் வந்திருந்தாள். அழுது முடித்த கண்கள். ஆந்தைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என் புருஷன் எழுதின செக் எங்கே?"

"சாட்சியப் பொருள்னு சீல் வச்சாச்சு மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லது. அது எப்படியும் பேங்க்ல திரும்பி வந்திருக்கும்." கைப்பையில் இருந்து வேறொரு செக்கை எடுத்தாள். "இது என்னோடது. மீன் எடுக்கறது எந்த மிருகம்னு அப்பா கேட்டாராமே. நீ சொல்லிட்ட. கூலி வாங்கிக்கோ... எனக்கும் சேர்த்துத்தான் கண்டுபிடிச்சிருக்க."

வேண்டாம் என்று சொல்ல ஆந்தை வாயெடுத்தாள். அக்கா பக்கத்தில் இருந்து காலை மிதித்தாள். ஆந்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தொகையைப் பார்த்தாள். மலை தெரிந்தது. பனி தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்று தொண்டையைச் செருமினார் இன்ஸ்பெக்டர். "நீதான்மா முக்கிய சாட்சி. நாட்டை விட்டுப் போகக் கூடாது. பாஸ்போர்ட்டை இங்க வச்சிடு."

மலை மறைந்தது.

கண்ணீரை அடக்கிக்கொண்டு, ஆந்தை பாஸ்போர்ட்டை மேஜை மேல் வைத்தாள். "சார், நான் காதால கேட்டதை நீங்களும் கேட்டீங்க. உங்க போன்ல பதிவாகியும் இருக்கு. சம்பவ இடத்துல ராத்திரி பூரா இருந்தது நான் இல்ல, நத்தை. அதுக்குச் சம்மன் அனுப்பறதுதானே?"

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். ஒருமுறை 'பூனை' என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை ஒரு விரலால் அவள் பக்கமே தள்ளினார்.

"மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம் குடுத்துட்டுக் கிளம்பு. ஆனா விசாரணை ஆரம்பிக்கறதுக்குள்ள திரும்பி வந்துடணும். வருவியா?"

ஆந்தை பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நத்தை வேகம் எனக்கு இப்போ நல்லாத் தெரியும் சார். கோர்ட்டு அதைவிட மெதுவு. சிறுத்தை குட்டி போட்டு, அந்தக் குட்டி பேரன் பேத்தி எடுத்த பிறகு வந்தாலும்... கோர்ட்டு வாசல்ல முதல் ஆளா நான்தான் நிப்பேன்."