தாருக்குக் கீழே

1975 ஜூன். ராஸ் அல் கைமா போகும் புதுச் சாலையில், மழைநீர் போகக் குழாய் பதித்த ஒரு பள்ளத்தை மூட வந்திருந்தோம். நான் கௌஸ் முகம்மது, ரோலர் ஓட்டுபவன். பள்ளத்துக்குள் மண்வெட்டியோடு நின்றவன் ராக்கப்பன், பரமக்குடிக்காரன். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் டிப்பர் லாரி பின்னால் வந்து மொத்த மண்ணையும் கொட்டியது.

தோண்ட ஓடினோம். எஞ்சினியர் உமாபதி தடுத்தார்.

“நாளன்னிக்கு ரோட்டைப் பார்க்கப் பெரியவங்க வர்றாங்க. அவன் செத்திருப்பான். கலாஸ், முடிஞ்சது. கௌஸ், ரோலரை எடு.”

ஏறினேன். இரண்டாம் முறை திரும்பும்போது கேட்டது.

டங். டங். டங்.

“சார், கீழே தட்டுறான் சார்.”

“கல்லு உக்கார்ற சத்தம். உன் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கா?”

ஓட்டினேன்.

நாலாம் முறை சத்தம் நின்றது. மறுநாள் அதன்மேல் தார் போட்டோம்.

ராக்கப்பன் கேம்ப்பை விட்டு ஓடிவிட்டான் என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். ஊருக்கும் அப்படியே தகவல் போனது. ஒரு மாதம் கழித்து அவன் மனைவி நாகவள்ளியின் கடிதம் வந்தது. ‘எந்தப் பொம்பளையோடு இருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.’ உமாபதி அதை எங்கள் முன்னால் படித்துச் சிரித்தார்.

அன்று மாலை அந்த இடத்தில் சாலையோரம் ஏழெட்டுக் கற்களை அடுக்கி வைத்தேன். பெயர் எழுதத் தைரியமில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் உமாபதி அதைப் பார்த்தார். யார் வைத்தது என்றுகூடக் கேட்கவில்லை. ஷூவால் உதைத்துத் தள்ளினார். கற்கள் இருந்த இடத்து மணல் ஈரமாக இருந்தது. வியர்வை நாற்றம் அடித்தது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாலைக்குத் திரும்பினார்.

கால் உள்ளே போனது.

அந்தத் தாரின் கனம் நாலு விரல்கடை. அவர் முழங்கால்வரை போனார்.

“கௌஸ்,” என்றார் மெதுவாக. “இழுப்பா. கீழேருந்து பிடிச்சிருக்கான்.”

தோல் வேகும் வாடை வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் குரல் அடங்கிய பிறகுதான் நாலு பேராகச் சேர்ந்து இழுத்தோம். கால் வந்தது. முழங்காலுக்குக் கீழே சதை வரவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று காலை ரூமைப் பெருக்கும்போது, என் கட்டிலுக்கு அடியில் பழைய சிமெண்ட் தரை புடைத்திருந்தது. உள்ளேயிருந்து தள்ளியதுபோல், மூடிய ஒரு கை. தொட்டேன். சூடாக இருந்தது.

இப்போது டூட்டி முடிந்து வந்து குனிந்து பார்க்கிறேன்.

விரல்கள் விரிந்திருக்கின்றன.