சுகுர்மணி தேடும் வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செல்வம் வந்தபோது, சாத்தாங்காட்டு லைன் வீட்டு வாசலில் சோமாய் உட்கார்ந்து இரண்டு இரும்புத் துண்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சோமு, லீவு நாள்ல கூட இரும்பா?"

"ஒண்ண நீ புடி. சுடுகாட்டுலேர்ந்து வூடு வரைக்கும் தட்டிகினே வரணும்."

"வாரம் பூரா இரும்பு மார்க்கெட்ல லோடு எறக்கி அந்தச் சத்தத்தத்தான கேக்குறோம். இன்னிக்காவது காதுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு பாத்தா…"

சோமாய் சிரிக்கவில்லை. அவன் மனைவி சுகுர்மணி காமாலையில் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவர்களுக்கு ஊர் ஜார்க்கண்டில் சாய்பாசா பக்கம். ஹோ என்னும் பழங்குடி. பேசுவதும் ஹோ மொழிதான். அவன் வீட்டு வழக்கப்படி, இறந்தவரின் நிழலை இரும்பு தட்டி வீட்டுக்குள் அழைத்து வர வேண்டும். வீட்டில் விளக்கிருக்கக் கூடாது. தரையெல்லாம் சாம்பல் பரப்பி, கதவைச் சாத்தி, உள்ளே ஒருவர் காத்திருக்க வேண்டும்.

"மத்த நாள்ல செஞ்சா ஏரியா பூரா இரும்புச் சத்தம். அவ எந்தச் சத்தத்துக்குப் பின்னால போவான்னே தெரியாது. அதான் லீவு நாளா பாத்தேன்" என்றான் சோமாய்.

"வரலன்னா?"

"ஒரே தபாதான் கூப்புடலாம். வரலன்னா வெளியவேதான். எப்பவும்."

உள்ளே, பத்தாம் வகுப்பு படிக்கும் அவன் மகள் கீர்த்தி, பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அப்பா சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியம். ஹோ வாக்கியம், தமிழ் எழுத்தில். 'வந்திருப்பது யார், நம்ம வீட்டு ஆளா?' என்று அர்த்தமாம். வெளியே இரும்பு நின்றதும் மூன்று முறை கேட்க வேண்டும்.

"நைனா, நீயே உள்ள உக்காரு. நான் தட்டிகினு வரேன்."

"வயித்துல பொறந்த புள்ளதான் கேக்கணும். செத்தவங்களுக்குக் கண்ணு கெடையாதுமா. மொகம் தெரியாது. பேச்ச வெச்சுத்தான் வூட்டக் கண்டுபுடிப்பாங்க."

"அப்புறம் ஏன் எனக்கு அந்தப் பேச்சக் கத்துக் குடுக்கல?"

சோமாய் இரும்பை மறுபடி துடைத்தான். அவளை மூன்று வயதில் பால்வாடிப் பிள்ளைகள் 'இந்திக்காரி' என்று கத்தி அழவைத்த அன்று, மகளிடம் இனி வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்று மனைவிக்குக் கட்டளை போட்டவன் அவன்தான். சுகுர்மணிக்குத் தமிழ் வரவில்லை. சாப்டு, வா, தூங்கு, சூடு. அந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டுதான் அவள் ஒரு பெண்ணை வளர்த்தாள். மீதி நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மட்டும் ஓயாமல் பேசினாள். சோமாய் லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தான்.

"உங்கம்மா என்னம்மா சொல்றாங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"தெரியல சிஸ்டர்" என்றாள் கீர்த்தி.

ஆறு மணிக்கு இரண்டு ஆண்களும் கிளம்பினார்கள். எதிர்வீட்டுக் கெங்கம்மா தன் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் இங்கியேதான் இருப்பேன் கண்ணு. பயமா இருந்தா ஒரு கொரல் குடு. பேய்னா எனக்கும் பயந்தான், ஆனா உங்கம்மா பேயா வந்தாலும் ஓரமாத்தான் நிக்கும். கொழாயடில கூட கடைசியாத்தான் தண்ணி புடிக்கும்."

கீர்த்தி கதவைச் சாத்தினாள்.

ஜன்னலில் கோணி தொங்கியது. ஒற்றை அறையில் இருட்டு மெல்ல இறங்கி, சுவர்களைத் தின்று, அவள் முழங்காலைத் தின்றது. சாம்பல் வாசனை தொண்டையில் உட்கார்ந்தது. அவள் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தாள்.

அப்போதுதான் உறைத்தது.

விளக்கில்லாத அறையில் கையில் எழுதி என்ன பயன்?

போன் அப்பாவிடம் இருந்தது. கீர்த்தி கண்ணை மூடி வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு முறை வந்தது. மறுமுறை நடுவில் அறுந்தது.

தூரத்தில் இரும்பு.

டிங். பிறகு நீண்ட இடைவெளி. டிங்.

அப்பா சீக்கிரமே வந்துவிட்டார் என்று நினைத்தாள். சத்தம் தெருமுனைக்கு வந்தது. பக்கத்து வீட்டைத் தாண்டியது. வாசலில் நின்றது. செருப்புச் சத்தமில்லை. இருமலில்லை. செல்வம் அண்ணனின் பீடி நாற்றமுமில்லை.

கீர்த்தி கேட்டாள். திக்கித் திக்கி, ஹோ வாக்கியத்தை முழுதாகக் கேட்டுவிட்டாள்.

கதவு திறக்கவில்லை. ஆனால் அறைக்குள் கடுகெண்ணெய் வாசனை வந்தது. குளித்துத் தலை வாரிய அம்மாவின் வாசனை. சாம்பல் மெல்ல நொறுங்கியது, ஓர் அடி, இன்னோர் அடி. முழங்காலுக்கு முன்னால் குளிர்ந்தது.

அம்மா பேசினாள்.

நீளமாகப் பேசினாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாளைத் தவிர, அம்மா இவ்வளவு நீளமாகத் தன்னிடம் பேசி கீர்த்தி கேட்டதே இல்லை. குரல் தாழ்வாக, மரியாதையாக இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி போல உயர்ந்து நின்றது.

பதிலுக்குக் காத்திருந்தது.

கீர்த்தி மறுபடி அந்த வாக்கியத்தைத் தேடினாள். ஒரு சொல்கூட வரவில்லை. அம்மா அதே கேள்வியை மறுபடி கேட்டாள், இன்னும் மெதுவாக, கெஞ்சுவது போல.

"அம்மா… நான்தாம்மா. கீர்த்திம்மா. நீ இன்னா சொல்றன்னு புரியலம்மா."

மூச்சுப் போல ஒரு சத்தம். அப்புறம் சின்னதாக ஏதோ சொன்னாள்.

"போவாதம்மா. வா. வாம்மா. சாப்டு. அம்மா, சாப்டு…"

அம்மாவுக்குத் தெரிந்த தமிழையெல்லாம் அவள் சொல்லிப் பார்த்தாள்.

சாம்பல் நொறுங்கியது. கடுகெண்ணெய் வாசனை விலகியது.

அதற்கும் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சோமாயும் செல்வமும் தெருவுக்குள் வந்தார்கள். மகள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் சோமாயின் கையில் இரும்பு நின்றது.

"கதவ ஏம்மா தொறந்த?"

"இவ்ளோ நேரம் எங்க நைனா இருந்தீங்க?"

"கன்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுகினு ரோட்டத் தாண்டவே உடல. இப்பத்தான் வர்றோம்."

"அப்ப முன்னாடி வந்து இரும்பு தட்டுனது யாரு?"

கெங்கம்மா எழுந்து வந்தாள். "இன்னா கண்ணு சொல்ற? நான் கண்ண இமைக்காம உக்காந்துகினு இருக்கேன். கதவாண்ட யாரும் வரல."

செல்வம் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

சாம்பலில், கீர்த்தி வெளியே போன தடங்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிடச் சின்னக் கால் தடங்கள். கதவிலிருந்து நேராக மூலைக்கு வந்திருந்தன. அங்கே வெகுநேரம் நின்றதுபோல இரண்டு பாதங்களும் ஆழமாகப் பதிந்திருந்தன. பிறகு திரும்பி, வந்த வழியே வெளியே போயிருந்தன.

"இன்னா கேட்டா?" சோமாயின் குரல் கிசுகிசுத்தது. "ஞாபகம் கீதா?"

காதில் இன்னும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சத்தங்களை, அர்த்தம் தெரியாமல், ஒன்றுவிடாமல் கீர்த்தி ஒப்பித்தாள். பாதியிலேயே சோமாய் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லு நைனா."

"வேணாம்மா."

"எனக்குத் தெரியணும் நைனா."

"'யம்மா, வழி தெரியாம வந்துட்டேன். இது யார் வூடு? என் பொண்ணு இங்கதான் எங்கியோ கீது. நீ பாத்தியா?'"

"கடைசியா ஒண்ணு சொன்னாங்களே? சின்னதா?"

சோமாய் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"'மன்னிச்சுக்கோ, இது வேற யாரு வூடோ.'"

அன்றிரவே கீர்த்தி பதிலைக் கற்றுக்கொண்டாள். 'நான் இங்கேதான் இருக்கேன் அம்மா, இதுதான் நம்ம வீடு.' கையில் எழுதவில்லை. தூக்கத்திலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்தாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் நின்று ஹோ மொழியில் சத்தமாகச் சொன்னாள். அப்பாவைத் தூங்கவிடாமல் இன்னும் இன்னும் கேட்டுக் கற்றாள். அவனும் பன்னிரண்டு வருஷம் பூட்டி வைத்ததையெல்லாம் அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தான்.

தெரு பதில் சொல்லவில்லை.

நான்காம் நாள் கெங்கம்மா வந்தாள். "பின்னால தெருவுல ஒரு பொம்பள குரல் கேக்குதாம். பாஷ புரியலயாம். வெளிய போய்ப் பாத்தா யாரும் இல்லியாம்."

கீர்த்தி ஓடினாள். அங்கே ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் திருவொற்றியூரில். அதற்கடுத்த வாரம் தண்டையார்பேட்டையில். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ தமிழில் பதில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் விட்டு அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிருந்தாள். கீர்த்தி போய்ச் சேரும்போதெல்லாம் தாமதம்.

நாற்பதாம் நாள் செல்வம் காசிமேட்டிலிருந்து போன் செய்தான். அவன் அக்கா குணசுந்தரிக்கு அங்கே மீன் வியாபாரம்.

கீர்த்தி போனபோது சாயங்காலம். கடல் பக்கமிருந்து டீசலும் கருவாடும் கலந்த காற்று வந்தது. குணசுந்தரி தன் ஒன்றரை வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நீதான் சோமு பொண்ணா? உள்ள வாமா. எங்க வூட்டுக்கு யாரும் வரல. இந்தப் புள்ளதான்… இன்னும் ஒரு வார்த்த பேச ஆரம்பிக்கல. மூணு நாளா இன்னாத்தையோ சொல்லிகினே கீது. இன்னா பாஷன்னே தெரியல."

"இன்னா சொல்லுது?"

குழந்தை அவளைப் பார்த்தது. எச்சில் வடியும் வாயால், தாழ்வாக, மரியாதையாக, கடைசியில் குரலை உயர்த்தி, முழு வாக்கியமாகக் கேட்டது.

இது யார் வீடு? என் பொண்ணு இங்கதான் எங்கேயோ இருக்கு. நீ பார்த்தியா?

கீர்த்திக்கு இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வாசலிலேயே மண்டியிட்டு, அழுகையில் உடையாமல், ஒரு எழுத்தும் பிசகாமல் அவள் ஹோ மொழியில் பதில் சொன்னாள். நான் இங்கேதான் இருக்கேன் அம்மா. நான்தான் அம்மா.

குழந்தை அவளைப் பார்க்கவில்லை.

அவள் தலைக்கு மேலே, திறந்த கதவுக்கு வெளியே, ஆளில்லாத தெருவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு சின்னக் கையைத் தூக்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும் யாருக்கோ காட்டுவதுபோல, வெகுநேரம் டாட்டா காட்டியது.