இன்னும் கொஞ்சம் ஏத்து

மிக்ஸிங்காரருக்கு அந்த வீடு பிடித்துப்போனதற்கு ஒரே காரணம் உள்ளறைதான். முன்பு குடியிருந்து செத்துப்போன காது மந்தமான கிழவர், சத்தமாகப் பாட்டுக் கேட்பதற்காகச் சுவரெல்லாம் பஞ்சுப்பலகை அடித்து, கனத்த கதவும் போட்டு வைத்திருந்தார். உள்ளே இடியே விழுந்தாலும் கூடத்தில் கேட்காது. குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து பாட்டு மிக்ஸிங் செய்து பிழைக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்? சாமான்களை இறக்கிய அன்றே ஸ்பீக்கர்களை அலறவிட்டுப் பார்த்துவிட்டார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிறவள். சத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், நடுநடுவே வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், காது போனால் அப்புறம் சோற்றுக்கு என்ன வழி என்று தினமும் சண்டை பிடிப்பாள். மனுஷன் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார். காதுக்குள் விடாமல் ரீங்காரம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவள் பேச்சைக் கேட்பதென்று முடிவெடுத்தார்.

மறுநாள் மதியம் மனைவி சொன்னபடி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பாதிக்குத் திருகி வேலை செய்தார். மிக்ஸிங்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசியில் பாட்டை முணுமுணுப்பு அளவுக்கு இறக்கி, பாடுகிறவர் குரல் அப்போதும் தெளிவாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அவரும் இறக்கினார்.

பாடகியின் குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

பதிவில்தான் ஏதோ கோளாறு என்று குரலை நீக்கினார். தாளத்தை நீக்கினார். பாட்டையே நிறுத்தினார். மூச்சு மட்டும் நின்றபாடில்லை. ஈரத்தில் ஊறிய பழம்பஞ்சின் வாடை அறையெங்கும் கிளம்பியது.

"கேக்கல," என்றது ஒரு கிழட்டுக் குரல், அவர் பிடரிக்குப் பக்கத்தில். "இன்னும் கொஞ்சம் ஏத்து."

கதவுக்குப் பாய்ந்தார். கைப்பிடி அசையவில்லை.

குமிழ் தானாகத் திரும்பியது.

நிறுத்திய பாட்டு அலறத் தொடங்கியது. பிளக்கைப் பிடுங்கினார். அப்போதும் அலறியது. காதைப் பொத்திக்கொண்டு கதவை உதைத்தார், மனைவியைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார். அவள் கூடத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷனின் ஒரு கத்தல்கூட அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

"இன்னும்."

"இன்னும்."

பிறகு ஒன்றுமே இல்லை.

சாயங்காலம் அவள் சர்வசாதாரணமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் உதடு அசைந்தது. அவருக்குக் கேட்கவில்லை. காது போய்விட்டது என்று அழுதார்; தன் அழுகையும் அவருக்குக் கேட்கவில்லை.

காலையில் அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும். கூண்டின் கதவு மூடியது.

பஞ்சு வாடை வந்தது.

"இப்ப," என்றது கிழட்டுக் குரல். இந்த முறை பிடரியில் இல்லை. காதுக்குள்ளே.

அவர் அழுத்தவில்லை. விரல் அழுத்தியது.

"நல்ல காதுப்பா உனக்கு. இப்ப."

விரல் மறுபடி அழுத்தியது.

கண்ணாடிக்கு அப்பால் அவள் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு குழம்பியது, பிறகு சிவந்தது. மிக மெல்லிய சத்தம்கூடத் தப்பவில்லையே! இவ்வளவு நல்ல காதை வைத்துக்கொண்டா ராத்திரி முழுக்கத் தன்னை அழவைத்தார்? கூண்டைத் திறந்து ஏதோ கோபமாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தார். தலை ஆடவில்லை.

"நடிச்சது போதும், வீட்டுக்கு நடங்கன்னு சொல்றா," என்றது குரல். "வா, போலாம். நம்ம ரூமுக்கு."

அவர் கால்கள் நடக்க ஆரம்பித்தன.