ஊமைக் கட்டை

அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகள் வயதே ஆன தன் மகளுக்காகப் பழைய பியானோவை வாங்கி வைத்துவிட்டு, அது நல்ல கம்பெனியா என்று இப்போது கேட்கிறாள். நான் இருபது வருடமாகப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். மூடியில் இருந்த பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

மூன்று வாரம் விசாரித்தேன். எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் கிடையாது. கடைசியில் பழைய பியானோக்கள் விற்கும் ஒரு கடைக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"தரத்துல குறையே சொல்ல முடியாது. சுருதி இறங்கவே இறங்காது. ஆனா வாங்கினவங்க யாரும் வீட்டுல வச்சுக்கல. ஏன்னு கேக்காதீங்க."

தொழில் பொறாமை என்று நினைத்தேன். புத்தி கெட்டவன் நான்.

மறுநாள் மதியம் அக்கா வீட்டில் பியானோவின் வாசிப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். பக்கவாட்டில் பென்சிலால் பெயர்கள் இருந்தன. கையெழுத்து வேறு வேறு. எல்லாம் பெண் பிள்ளைகளின் பெயர். பழுது பார்த்த கட்டையில் யாருக்காகப் பார்த்தோம் என்று எழுதுவது எங்களுக்கு வழக்கம். அதனால் சந்தேகம் வரவில்லை.

ஒரே ஒரு கட்டையில் பெயர் இல்லை. அது ஒலிக்கவும் இல்லை. கம்பியும் சுத்தியலும் சரியாகவே இருந்தன. அடியில் இருந்த திருகை முடுக்கிவிட்டு, வழக்கப்படி அக்கா மகளின் பெயரை எழுதி, கட்டையைப் பொருத்தி அழுத்தினேன்.

"மாமா."

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை என் பின்னால்தான் நின்றாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

வெறும் காற்றுதான் வந்தது.

எழுதிய பெயரை ரப்பரால் தேய்த்தேன். கத்தியால் சுரண்டினேன். மரம் தேய்ந்தது, எழுத்து தேயவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். பியானோவை உடைத்துவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. தினமும் அந்தக் கட்டையை அழுத்தி, "அம்மா" என்று அதில் வரும் மகளின் குரலைக் கேட்டு அழுகிறாள். மகள் பக்கத்தில் நின்று அவள் கண்ணைத் துடைக்கிறாள்.

இன்று காலை அக்கா போன் செய்தாள்.

"பக்கத்துக் கட்டையும் நின்னுபோச்சுடா. அதுல இருந்த பேரும் மறைஞ்சுபோச்சு."

"தொடாதக்கா. இதோ வரேன்."

"வர வேணாம். என் பொண்ணு பேர நீ எழுதின இல்ல? நானும் எழுதிட்டேன்."

"யார் பேர?"

போனைக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். கட்டையை அழுத்தினாள்.

"அப்பா."

என் மகள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.