விழ மறுத்த நெஞ்சு

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். டீயின் முதல் மடக்கு இன்னும் தொண்டையில் இறங்கவில்லை.

"சார்... விழ வேண்டியது விழல. யாரோ ஒட்ட வச்சுட்டாங்க!"

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயமா? என்னைக் கொன்னுட்டாங்க சார்!"

செத்தவரே போன் போட்டுப் புகார் சொல்வது இன்ஸ்பெக்டருக்குப் புதிது. ஜீப்பில் தாவினார்.

வாடகைக்கு எடுத்த கண்காட்சிக் கூடத்தில் ஓவியர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு கை தாடியில், மறு கை பேன்ட் பாக்கெட்டில். ஓரத்து ஸ்டூலில் அவர் மனைவி, மடியில் ஒரு பை.

சுவரில் ஆளுயரப் பலகை.

அதில் முதலில் எக்ஸ்ரே. ஓவியரின் சொந்த நெஞ்சு! அதன்மேல் பேண்டேஜ் துணி, பழைய செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த இலைகள். ஒட்டுக்கு வெறும் மெழுகு. விளக்குச் சூட்டில் மெழுகு இளகி ஒவ்வோர் அடுக்காய் உதிர வேண்டும். மனிதன் நிலையில்லாதவன் என்று பார்ப்பவருக்கு உறைக்க வேண்டும். இலையும் பேப்பரும் துணியும் சொன்ன பேச்சு கேட்டுத் தரையில் கிடந்தன.

எக்ஸ்ரே மட்டும் உடும்புப்பிடியாய்...

இன்ஸ்பெக்டர் ஓரத்தைச் சுரண்டினார். மெழுகு இல்லை. ஒரு சொட்டு விட்டால் பிய்ந்த செருப்பே ஒட்டிக்கொள்கிற அசல் பசை!

நேற்று சாயங்காலம் ஒற்றை மூலையில் தொங்கியதாம். காலையில் வந்தால் இந்தத் துரோகமாம். ஓவியர் புலம்பித் தீர்த்தார்.

சாவி யாரிடம்? புருஷனிடம் ஒன்று, பெண்டாட்டியிடம் ஒன்று.

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வீட்டுக்காரர் நெஞ்சு கீழ விழறதைப் பார்க்க மனசு வரலையா?"

"நானா?" அந்த அம்மா நிமிர்ந்தாள். "அது எப்ப விழும்னு தவம் கிடக்கேன் சார். இவருக்கு இதயத்துல அடைப்பு. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் கத்தறார். எக்ஸ்ரே உதிர்ற அன்னைக்கு வர்றேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கார். ஆஸ்பத்திரிக்குத் துணிமணியே எடுத்து வச்சாச்சு."

ஓவியரின் நடை நின்றது.

இன்ஸ்பெக்டர் மெல்ல நெருங்கினார். பாக்கெட்டிலிருந்த கையை வெளியே இழுத்தார்.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்... பிரியவே இல்லை!

"அப்புறம் புகார் எதுக்கு சார்?"

"கொடுக்கலைன்னா இவ என்னைத்தானே சந்தேகப்படுவா?" நிலையாமையை ஊருக்கெல்லாம் விளக்கிய குரல் உடைந்தது. "பயமா இருக்கு சார். நெஞ்சைத் திறப்பாங்களாம்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் பாசமும் சேர்ந்து வந்த கலக்கம். எழுந்தாள். எக்ஸ்ரேயின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள்.

சர்ரக்...!

"விழுந்துடுச்சு. கிளம்புங்க. நான் கூடவே இருப்பேன்."

ஓவியர் ஆட்டுக்குட்டியாய்ப் பின்னால் நடந்தார். வாசலில் தயங்கி, ஒட்டிய விரல்களை நீட்டினார்.

"சார், இதைப் பிரிக்க ஏதாவது வழி..."

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க. நெஞ்சோட சேர்த்து அதையும் திறந்துடுவார்."