புருவத்தால் பதில் சொன்னவன்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, தேநீரை எடுத்துக்கொண்டு அடுப்போரம் ஒண்டிக்கொள்ளுங்கள். நம் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; என் கையும் இருக்கிறது.

டீச்சர் அகாபியாவை முதலில் உறுத்தியது, மாணவன் வாசிலியின் கோட்டு முக்காட்டு உரோமத்தில் ஒட்டியிருந்த பனி உருகாமல் கிடந்ததுதான். வடகோடிக் குளிர்காலம், காலை பத்து மணியாகியும் விடியவில்லை; ஆற்றுப் பக்கமிருந்து கிளம்பிய பனிப்புயல் கூரைத் தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருக்க, வகுப்புக்குள் எண்ணெய் அடுப்பின் சூடும், காயும் கையுறைகளின் ஈர நாற்றமும், யாரோ பையில் கொண்டுவந்த உலர்மீனின் வாசமும் கலந்து நின்றன. எல்லாப் பிள்ளைகளின் காலடியிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. மூலையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அவன் காலடியில் மட்டும் தரை காய்ந்திருந்தது.

ஒன்பது மணிக்கே அவன் அம்மா நஸ்தாசியா ரேடியோவில் கூப்பிட்டிருந்தாள். "அகாபியாக்கா, எங்க வாசிலி வந்துட்டானா? அவன் கிளம்பினப்புறம்தான் காத்து ஏறுச்சு. வரலேன்னா அவங்கப்பாவத் தேட அனுப்பணும்."

அகாபியா பெயரைக் கூப்பிட்டாள். நம் ஊரில் ஆமாம் சொல்ல வாய் எதற்கு? முக்காட்டின் இருட்டுக்குள் இரண்டு புருவங்கள் உயர்ந்தன.

"வந்துட்டான் நஸ்தாசியா. இங்கேதான் இருக்கான்."

பதினொரு பெயர், பதினொரு பிள்ளைகள். புயலில் அதிரும் முன்கதவுக்குக் குறுக்கே கட்டையைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவு இடிபட்டது. தொப். தொப். பிள்ளைகள் திரும்பினார்கள்.

"காத்துதான். எழுதுங்க."

"டீச்சர், வாசிலி வாயில பசை தடவிட்டு வந்திருக்கான்," என்றாள் பக்கத்திலிருந்த ஒலின்கா. "கிள்ளினாக்கூடக் கத்த மாட்டேங்குறான்!"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பாதவனும் அவன் ஒருவன்தான்.

கதவுச் சத்தம் மெலிந்தது. நின்றது.

அகாபியா அவனருகே போய்க் குனிந்தாள். ஆற்றடிச் சேற்றின் வாடை.

"உடம்பு சரியில்லையாடா?"

புருவங்கள் உயர்ந்தன.

"நல்லாத்தான் இருக்கியா?"

உயர்ந்தன.

"பசிக்குதா?"

உயர்ந்தன. இறங்கவில்லை.

காற்று தணிந்ததும், பள்ளியின் பின்பக்கச் சமையலறைக் கதவு வழியாக அவன் அப்பா வந்தார். "வாடா வேட்டைக்காரா! உங்கம்மா ரேடியோவுல கத்தின கத்துல ஊரே செவிடாயிடுச்சு." முக்காட்டோடு அவனை வாரித் தூக்கினார். "என்ன டீச்சர், பய இன்னிக்குக் கனமே இல்ல?"

அகாபியா வாயெடுத்தாள். என்னவென்று சொல்வாள்? பனி உருகவில்லை என்றா? அதற்குள் அவர்களை ஏற்றிக்கொண்ட பனிவண்டியின் இரைச்சல் தொலைவில் மறைந்தது.

முன்கதவுக் கட்டையை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

கதவுக்கு வெளியே, காலணிகள் வைக்கும் முன்னறை. சுருண்டு கிடந்த ஒரு பிள்ளை. நீல உதடுகள். கதவில் உறைந்து ஒட்டிய ஒற்றைக் கையுறை.

வாசிலி.

"தட்டினேனே... டீச்சர்."

மூச்சு இருந்தது. வாரி மார்போடு அணைத்தாள். அடுப்பருகே ஓடினாள். ரேடியோ கரகரத்தது.

"அக்கா, வந்துட்டான்." நஸ்தாசியாவின் குரலில் சிரிப்பு. "என்ன கோவமோ, கோட்டக் கழட்ட மாட்டேங்குறான். மீன் வெச்சேன், தொடல. வந்ததும் தங்கச்சிப் பாப்பாவத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டான்."

அகாபியா பொத்தானை அழுத்தினாள். "நஸ்தாசியா, பாப்பாவப் புடுங்கு! அது வாசிலி இல்ல!"

போகவில்லை. அந்தப் பக்கம் பொத்தானை விடும்வரை இந்தப் பக்கத்துக் குரல் போகாது. நஸ்தாசியா விடவில்லை.

குழந்தையின் சிரிப்பு கேட்டது.

"வாசிலி... என்னடா பண்ற?"

சிரிப்பு நின்றது.

பொத்தான் அழுந்தியே இருந்தது. கெண்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வேறொரு சத்தமும் வந்தது. ஈரமாக. மெதுவாக.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் வாசலுக்குள் வருகிற பிள்ளை உங்கள் பிள்ளையாகவே இருக்கட்டும்.